நிலை ஆற்றல் எங்கே இருக்கிறது: நந்திதுர்க் சுரங்கமும் அழியாமை பற்றிய வழக்கும்

ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது, ஒரு வடிவிலிருந்து வேறொரு வடிவுக்கு மாற்ற மட்டுமே இயலும் என்று பள்ளி மாணவர் மனப்பாடம் செய்யும் ஆற்றல் அழிவின்மை விதி, வகுப்பறையைத் தாண்டிச் சமயச் சொற்பொழிவு மேடைகளிலும் நீத்தார் நினைவுக் கூட்டங்களிலும் நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகிறது. உடலை இயக்கியது ஓர் ஆற்றல், ஆற்றலுக்கு அழிவில்லை என்பது அறிவியலின் முடிவு, ஆகவே உயிருக்கும் அழிவில்லை என்று அந்த வாதம் மூன்றே படிகளில் முடிகிறது. துயரில் இருப்போருக்கு ஆறுதல் அளிக்கும் நல்ல நோக்கத்தோடு சொல்லப்படுவதால் அதை யாரும் மறுப்பதில்லை; ஆயினும் அது இயற்பியலுக்கும் பொருந்தாது, அது தாங்க முனைகிற சைவ சித்தாந்தக் கோட்பாட்டுக்கும் பொருந்தாது. இந்தத் தவறான வாதத்துக்குக் கீழே உண்மையான தத்துவக் கேள்வி ஒன்று கவனிக்கப்படாமல் கிடக்கிறது. இன்னும் நிகழாத ஒன்று நிகழ்வதற்கு முன்பே ஏதோ ஒரு வகையில் இருக்கிறதா, இருந்தால் எதில் இருக்கிறது என்பதே அக்கேள்வி. தொடக்க நிலை இயற்பியலில் அந்தக் கேள்விக்கு நிலை ஆற்றல் என்று பெயர்.

இக்கேள்வியை ஆராய்வதற்குக் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலைவிடப் பொருத்தமான இடம் தமிழர் வாழும் நிலங்களில் வேறு இருப்பது அரிது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், பாலகாட், நந்திதுர்க் என்ற பெயர்களைத் தாங்கிய சுரங்கங்கள் அங்கே ஒரே தங்க நாளத்தொடரைப் பின்தொடர்ந்து இறங்கின. அவற்றுள் நந்திதுர்க், வடமேற்கே உள்ள நந்தி மலைக்கோட்டையின் பெயரை ஏற்றது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் வந்தது முதல் 2001இல் மூடப்பட்டது வரை, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் தமிழ் பேசுவோர், தலைமுறை தலைமுறையாக அந்த ஆழங்களில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களின் வரிசையில் இடம் பெற்றது. உயரமும் ஆழமும் எடையும் பாடநூலின் குறியீடுகளாக இல்லாமல் அன்றாட வாழ்வின் நிபந்தனைகளாக இருந்த ஊர் அது.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பொருளின் மீது விசை செயல்பட்டு, அந்த விசையின் திசையில் அது நகரும்போது நடப்பதை இயற்பியல் வேலை என்கிறது. வேலை செய்யும் திறனின் அளவே ஆற்றல். நகரும் பொருளுக்கு அதன் ஓட்டத்தால் உள்ளது இயக்க ஆற்றல். நகராமல் இருக்கும்போதும் அமைந்திருக்கும் இடத்தாலோ வளைந்தும் நெருங்கியும் இருக்கும் அமைப்பாலோ உள்ளது நிலை ஆற்றல். ஒரு டன் பாறையை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து சுரங்கத்தின் செங்குத்துக் குழியான ஷாஃப்ட் வழியாக மேலே தூக்கினால், அதன் நிறையையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கி வரும் 1 கோடியே 96 லட்சம் ஜூல் அளவுக்கு நிலை ஆற்றல் கூடுகிறது. பெரிதாகத் தோன்றும் இத்தொகை மின்கட்டணச் சீட்டின் மொழியில் ஐந்தரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு என்பது வியப்பளிக்கலாம். மனிதர்கள் பல மணி நேரம் வெப்பத்திலும் தூசியிலும் நின்று பெயர்த்த பாறைக்குப் புவியீர்ப்பு போடும் விலை அவ்வளவுதான். உழைப்பின் விலையும் ஆற்றலின் அளவும் வெவ்வேறு என்பதை இந்த எண்ணே காட்டிவிடுகிறது.

அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்றால் கணக்கு காவிரிக்குப் போகிறது. மைசூர் திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கப்பட்ட சிவசமுத்திரம் நீர்மின் நிலையம், 1902 ஜூன் 30 அன்று, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளக் கம்பித்தடம் வழியாகக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. இந்தியாவின் பல பெருநகரங்களுக்கு முன்பே சுரங்க ஊருக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. அங்கே நீர் ஏறத்தாழ 120 மீட்டர் விழுகிறது. இடையே எந்த இழப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு டன் பாறை 2000 மீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழ 17 டன் காவிரி நீர் 120 மீட்டர் இறங்கியாக வேண்டும். அந்த நீரைக் குடகு மலைக்கு ஏற்றியது கடலைச் சுடவைத்து ஆவியாக்கிய ஞாயிற்றின் வெப்பம். எங்கோ ஒன்று இறங்கினால்தான் இங்கே ஒன்று ஏறும் என்பதே அழிவின்மை விதியின் நடைமுறைப் பொருள்.

இனி மையக் கேள்விக்கு வரலாம். மேலே வந்து சேர்ந்த அந்தப் பாறையில் ஐந்தரை யூனிட் ஆற்றல் இருக்கிறது என்று சொல்கிறோமே, பாறையை உடைத்துப் பார்த்தால் அது எந்தப் பகுதியில் கிடைக்கும்? கீழே இருந்த பாறைக்கும் மேலே வந்த பாறைக்கும் நிறத்திலோ கடினத்திலோ தங்கத்தின் அளவிலோ வேறுபாடு இல்லை. மேலும், நிலை ஆற்றலைச் சுழியம் என எங்கே வைப்பது என்பது கணக்கிடுபவரின் விருப்பம். ஷாஃப்ட்டின் வாயைச் சுழியமாகக் கொண்டால் கீழே உள்ள பாறைக்கு நிலை ஆற்றல் எதிர்க்குறியில் வரும். சுரங்கத்தின் அடித்தளத்தைச் சுழியமாகக் கொண்டால் மேலே உள்ள பாறைக்கு நேர்க்குறியில் வரும். தங்கவயலின் தரைமட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டரில் இருப்பதால், அதே அளவு ஆழத்துக்குத் தூக்குக் கூண்டான கேஜில் இறங்கிய தொழிலாளி கடல்மட்டத்தில் நின்றார். கடலைச் சுழியமாகக் கொள்ளும் கணக்கில் அவருடைய நிலை ஆற்றல் அங்கே ஒன்றுமில்லை. இத்தனை கணக்குகளும் சரியானவை, ஏனெனில் இயற்கைக்குப் பொருட்டாவது இரண்டு நிலைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு மட்டுமே. சுழியத்தையே விருப்பம்போல் இடம்மாற்றக்கூடிய ஓர் அளவைப் பொருளுக்குள் ஒளிந்திருக்கும் பண்டமாகக் கருத முடியாது. புவியும் பாறையும் சேர்ந்த அமைப்புக்கு அது உரியது. பாறைக்கு மட்டும் உரியதன்று.

அப்படியானால் அது வெறும் கணக்குப் புத்தகத்துப் பதிவுதானா என்றால், அதுவும் இல்லை. ஒன்றோடொன்று பிணைந்து அமைப்பாகும் துகள்களின் மொத்த நிறை, தனித்தனியே இருக்கும்போது உள்ள நிறைகளின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருப்பது அணுக்கருக்களில் அளந்து காணப்பட்ட உண்மை; பிணைப்பின் ஆற்றல் நிறையிலேயே தெரிகிறது. நிலை ஆற்றல் மெய்யானது, ஆனால் தனிப்பொருளின் உடைமையாக இல்லாமல் உறவின் உடைமையாக மெய்யானது. தமிழ்ப் பாடநூல்கள் ஏற்றுள்ள நிலை ஆற்றல் என்ற பெயர் இவ்வகையில் மிகப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. 1853இல் ஸ்காட்லாந்துப் பொறியியலாளர் ராங்கின் உருவாக்கிய ஐரோப்பியப் பெயர், உள்ளுறை நிலையில் இருப்பது, வெளிப்பட்டு இருப்பது என்று அரிஸ்டாட்டில் செய்த பாகுபாட்டின் சாயலைக் கொண்டது. அது மனத்தைப் பொருளின் உள்ளே தேடச் செய்கிறது. நிலை என்ற தமிழ்ச் சொல்லோ எங்கே, எதனோடு என்று கேட்க வைக்கிறது.

இந்தியத் தத்துவ மரபு இக்கேள்வியைக் காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள தொடர்பு என்ற தலைப்பில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்தது. காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்தில் நுண்வடிவில் இருக்கிறது என்பது சற்காரியவாதம். ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகை இதற்கு ஐந்து காரணங்களை அடுக்குகிறது. எள்ளில் எண்ணெய் இருப்பதால்தான் எள்ளை ஆட்டுகிறோம், மணலை ஆட்டுவதில்லை என்பது உரையாசிரியர்கள் தந்த எடுத்துக்காட்டு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தை முதல்நூலாகக் கொண்ட சைவ சித்தாந்தமும் இக்கொள்கையை ஏற்கிறது. உலகம் மாயையிலிருந்து தோன்றி, மாயையில் ஒடுங்கி, மீண்டும் தோன்றுகிறது. உள்ளதற்கு முற்றழிவு இல்லை, இல்லாததற்குத் தோற்றம் இல்லை. நியாய வைசேடிக மரபினர் இதை மறுத்து, குடம் என்பது மண்ணில் முன்பே இருந்ததில்லை, அது புதிதாகத் தொடங்கும் ஒரு பொருள் என்றனர். இதற்கு அசற்காரியவாதம் என்று பெயர். குடம் முன்பே இருந்தால் குயவனுக்கு என்ன வேலை என்பது அவர்கள் எழுப்பிய வலுவான கேள்வி.

ஆற்றல் அழிவின்மை விதி முதற்பார்வையில் சற்காரியவாதத்தின் வெற்றியாகத் தோன்றும், தமிழ் அறிஞர் பலரும் அவ்வாறே எழுதியிருக்கின்றனர். விழும் பாறையின் இயக்க ஆற்றல் எவ்வளவோ அவ்வளவும் விழுவதற்கு முன்பே நிலை ஆற்றலாக இருந்தது. புதிதாக எதுவும் தோன்றவில்லை. ஆனால் நுணுகி நோக்கினால் ஒப்புமை ஒரு முக்கியமான இடத்தில் நின்றுவிடுகிறது. எள் எண்ணெயைத் தருமேயன்றித் தயிரைத் தருவதில்லை; எதில் எது இருக்கிறது என்பதே சற்காரியவாதத்தின் உயிர்நிலை. மேலே தூக்கிய பாறையின் ஐந்தரை யூனிட்டோ, அது கீழே விழுந்தால் ஓட்டமாகவும் ஓசையாகவும் வெப்பமாகவும் ஆகலாம். கயிற்றின் மறுமுனையில் கட்டி மெல்ல இறக்கினால் வேறொரு கேஜை ஏற்றலாம். மின்னாக்கியைச் சுழற்றினால் விளக்கை எரிக்கலாம். எது வரும் என்பது அந்த ஆற்றலில் எழுதப்பட்டிருக்கவில்லை. எவ்வளவு என்பதை மட்டும் விதி காக்கிறது, எது என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. அளவில் சற்காரியம், வடிவில் அசற்காரியம் என்று இதை இரு மரபினரும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றே சொல்லத் தோன்றுகிறது. அழியாமையை விரும்பும் மனம் காக்க நினைப்பது வடிவத்தையே என்பதால், இந்தப் பங்கீடு அதற்கு உகந்ததாக இல்லை.

வைசேடிகரைப் பற்றி இங்கே இன்னும் சிறிது நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் எடை, விழுதல், வளைந்து மீளுதல் ஆகியவற்றை இந்திய மரபில் மிக உன்னிப்பாக வகைப்படுத்தியவர்கள் அவர்களே. தாங்கும் பொருளோடு உள்ள சேர்க்கை இல்லாதபோது எடைத்தன்மையால் வீழ்ச்சி நிகழ்கிறது என்று வைசேடிக சூத்திரம் கூறுகிறது. சேர்க்கை என்பதை ஒரு பொருளில் மட்டும் தங்காமல் இரு பொருள்களிலும் ஒருசேரத் தங்கும் பண்பாக அவர்கள் கொண்டனர். பிற்கால வைசேடிகம் இன்மையையும் அறியத்தக்க ஒரு பதார்த்தமாக, அதாவது உள்பொருள் வகையாக ஏற்றது. எய்த அம்பைத் தொடர்ந்து செலுத்தும் வேகம், வளைத்த மூங்கிலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மீள்தன்மை, பட்டறிவை நினைவாக்கும் மனப்பதிவு ஆகிய மூன்றையும் சம்ஸ்காரம் என்ற ஒரே பெயரின் கீழ்ப் பிரசஸ்தபாதர் வைத்தார். வளைந்த பொருள் தன் பழைய வடிவை நினைவில் வைத்திருப்பது போல நடந்துகொள்கிறது என்ற இந்த ஆழமான கவனிப்பு, தங்கவயலின் பாறையைப் புரிந்துகொள்ள நேராகவே உதவுகிறது.

3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது மேலுள்ள பாறை ஏறத்தாழ 900 கிலோகிராம் எடையாக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் நெருங்கிச் சுருங்கிய பாறை, வளைத்த மூங்கிலைப் போலத் தன்னுள் திரிபாற்றலைச் சேர்த்துவைத்திருக்கிறது. வடிவம் திரிந்ததால் வரும் நிலை ஆற்றல் என்பது இதன் பொருள். நாளத்தை வெட்டி எடுக்கும்போது அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதுவரை அந்த இடம் தாங்கிய சுமை சுற்றியுள்ள பாறைக்கு மாறுகிறது. தாங்கும் எல்லை கடந்த கணத்தில் பாறை வெடித்துச் சிதறுகிறது. தங்கவயலில் தொடக்க காலத்தில் காற்று வெடிப்பு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் குறிக்கப்பட்ட இந்நிகழ்ச்சி பின்னர் ராக் பர்ஸ்ட், பாறை வெடிப்பு என்று அறியப்பட்டது. ஊரில் தரை அதிர்ந்தவுடன் ஷாஃப்ட்டின் வாயில் குடும்பங்கள் கூடி நின்ற காலம் அது. வெட்டிய இடங்களில் கருங்கற்களைச் செதுக்கி அடுக்கித் தாங்குசுவர் எழுப்புவது தங்கவயலின் முறையாக இருந்தது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அவ்வூரிலேயே நிறுவப்பட்டது.

பாறை வெடிப்பின் ஆற்றல் எங்கே இருந்தது என்ற வினாவுக்கு, வெடித்த கல்லில் என்று விடை சொல்ல முடியாது. மேலிருந்து அழுத்திய பாறை, பக்கங்களில் நெருக்கிய பாறை, மனிதர் உண்டாக்கிய வெற்றிடம் ஆகிய அனைத்தின் உறவில் அது இருந்தது. இருந்ததை எடுத்ததால் உண்டான இன்மை அங்கே காரணமாகச் செயல்பட்டது. சேர்க்கை நீங்குவதையும் இன்மையையும் பொருளாகக் கருதிய வைசேடிகர் இதைக் கண்டிருந்தால் தம் வகைப்பாட்டுக்கு இதைவிடக் கடுமையான சான்று தேடியிருக்க மாட்டார்கள். பாறை வெடிப்பில் தந்தையை இழந்த பிள்ளையிடம் ஆற்றலுக்கு அழிவில்லை என்று சொன்னால் அது எவ்வளவு பொருந்தாத ஆறுதல் என்பதையும் இந்த இடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும்; ஏனெனில் உயிரைப் பறித்ததும் அதே விதிக்கு உட்பட்ட அதே ஆற்றல்தான், அது அழியாமல் காக்கப்பட்டதில் அந்தப் பிள்ளைக்குரியது எதுவும் இல்லை.

அறிவியலே இந்த விதியைச் சமய உணர்வின்றிக் கண்டடைந்தது என்று எண்ணுவதும் சரியன்று. 1842இல் மேயரும், 1840களில் துடுப்புச் சக்கரத்தால் நீரைக் கலக்கி வெப்பத்தை அளந்த ஜூலும், 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸும் வெவ்வேறு வழிகளில் இவ்விதியை வந்தடைந்தனர். அவர்களுள் ஜூல், இறைவன் படைத்த இயற்கையின் ஆற்றல்களை மனிதனால் அழிக்க இயலாது என்ற தம் நம்பிக்கையை வெளிப்படையாகவே எழுதியவர். நம்பிக்கை அவரைத் தேடத் தூண்டியது. நிறுவியதோ வெப்பமானியின் அளவு. தூண்டுதலுக்கும் நிறுவுதலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத்தான், நம்பிக்கையிலிருந்து பிறந்த விதியை மீண்டும் நம்பிக்கைக்குச் சான்றாகத் திருப்பும் வழக்கம் உண்டாகிறது.

தமிழில் இந்தக் குழப்பம் வேரூன்றுவதற்குச் சொல்லும் ஒரு காரணம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இன்று ஆற்றல் என்று எழுதினாலும், முன்பு பரவலாக வழங்கியதும் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இன்றும் வழங்குவதும் சக்தி என்ற சொல்லே. இலங்கை மாணவர் நிலை ஆற்றலை அழுத்த சக்தி என்று படிக்கிறார். சக்தி என்றதும் சிவனோடு பிரிவின்றி நிற்கும் அருளாற்றலும், ஊர் எல்லையில் கோயில் கொண்ட அம்மனும் தமிழர் மனத்தில் எழுவது இயல்பு. ஜூல் கணக்கில் அளக்கப்படும் சக்தியும் வணங்கப்படும் சக்தியும் ஒரே சொல்லில் குடியிருப்பதால், ஒன்றைப் பற்றிய முடிவு மற்றொன்றின் மீது தானாகவே படிந்துவிடுகிறது. சொல் ஒன்றாக இருப்பது பொருள் ஒன்றாக இருப்பதற்குச் சான்றாகாது என்பதைத் தருக்க நூலோர் எப்போதோ சொல்லி முடித்தார்கள்.

சித்தாந்தத்தின் நெறியில் நின்றே பார்த்தாலும் மேடை வாதம் நிற்பதில்லை. பதி, பசு, பாசம் (இறை, உயிர், தளை) என்னும் முப்பொருளும் தொடக்கமற்றவை என்று கொள்ளும் அந்நெறி, உயிரை அறியும் பொருளாகவும், மாயையையும் அதன் காரியங்களையும் அறிவற்ற சடமாகவும் பிரிக்கிறது. அளவிடப்படுவதும், வடிவம் மாறுவதும், கம்பியில் ஓடுவதும், யூனிட் கணக்கில் விற்கப்படுவதும் சடத்தின் இயல்புகள். ஆகவே இயற்பியலின் ஆற்றல், சித்தாந்தியின் வகைப்பாட்டில் மாயையின் பக்கமே சேரும். உயிர் அழியாது என்பதற்கு ஆற்றல் அழிவின்மையைச் சான்றாகக் காட்டுபவர், தாம் அறியாமலேயே உயிரைச் சடமாக்கிவிடுகிறார். வெல்வதற்காகத் தொடங்கிய வாதத்தில் காக்க வேண்டிய பொருளையே பறிகொடுப்பது இது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் முதலில் எடுத்து மறுத்த தரப்பு, பூதங்களின் கூட்டமே உயிர் என்ற உலகாயதம் என்பதை நினைத்தால், இந்த வாதம் யாருடைய அணியில் போய் நிற்கிறது என்பது தெளிவாகும்.

கோலார் தங்கவயலில் இந்த வழக்குக்கு மறுதரப்பும் இருந்தது என்பது அந்த ஊரின் தனிச்சிறப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த இயக்கம் சென்னைக்கு வெளியே வலுவாகக் கால்கொண்ட இடங்களுள் தங்கவயலின் மாரிகுப்பமும் சாம்பியன் ரீஃபும் முதன்மையானவை. அவருடைய எழுத்துகளைச் சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை நூல்களாக வெளியிட்டது. அவர் மறைந்தபின் அவருடைய தமிழன் இதழை ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து நடத்தினார். நிலையான ஆன்மா என்று ஒன்றில்லை என்ற பௌத்தக் கோட்பாட்டைச் சுரங்கத் தொழிலாளர் தமிழில் படித்தும் விவாதித்தும் வந்தனர். அவ்வியக்கத்தோடு தொடர்புடைய பொ. லட்சுமி நரசு, சென்னையில் அறிவியல் கற்பித்த பேராசிரியர். 1907இல் வெளியான அவருடைய பௌத்தத்தின் சாரம் என்று பொருள்படும் ஆங்கில நூல், அழியாத ஆன்மா என்ற கருத்தைக் காரண அறிவின் வெளிச்சத்தில் மறுத்தது. இயற்பியல் அறிந்தவர் ஆன்மாவின் அழியாமைக்குத்தான் வந்து சேர்வார் என்ற எண்ணம் தவறு என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

மணிமேகலையின் இறுதிக் காதை விரித்துரைக்கும் பன்னிரு சார்புகளின் கொள்கையில், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிறது. தொடர்ச்சி உண்டு, தொடர்ச்சிக்கு உடைமையாளர் இல்லை. ஆற்றலின் தன்மையோடு இது சித்தாந்தத்தைவிட நெருங்கி நிற்கிறது என்று ஒப்புக்கொள்ளவே வேண்டும். காவிரி நீரின் வீழ்ச்சி மின்சாரமாகி, மின்சாரம் பாறையின் ஏற்றமாகி, ஏற்றம் வெப்பமாகிச் செல்லும் தொடரில் கடந்து சென்ற ஒரு பண்டம் எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஒவ்வொரு படியிலும் கணக்கு மட்டும் சரியாக நேர்கிறது. ஆயினும் இதைப் பௌத்தத்தின் வெற்றியாக எழுதுவதும் அதே தவற்றின் மறுபக்கமே. வினைத்தொடர் என்பது நல்லது தீயது என்ற வேறுபாட்டைச் சுமந்து செல்வது. ஜூல் கணக்கில் அந்த வேறுபாட்டுக்கு இடமில்லை. ஒரு தொழிலாளியைக் காத்த தாங்குசுவரில் சேர்ந்த ஆற்றலும், மற்றொருவரைக் கொன்ற வெடிப்பின் ஆற்றலும் ஒரே அலகில் அளக்கப்படுகின்றன.

அழியாமையை நாடுவோர் இயற்பியலிடம் வெப்ப இயக்கவியலின் முதல் விதியான ஆற்றல் அழிவின்மையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இரண்டாம் விதியையும் கேட்க வேண்டும். ஷாஃப்ட்டில் இறங்கும் உலர்ந்த காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை சூடேறும், ஏனெனில் இறக்கத்தில் இழக்கும் நிலை ஆற்றல் அதன் நெருக்கத்திலும் வெப்பத்திலும் சேர்கிறது. அடித்தளப் பாறையே 60 பாகைக்கு மேல் சுட்ட தங்கவயலில், தொழிலாளர் மூச்சுவிடுவதற்காகக் காற்றைக் குளிர்வித்து அனுப்ப வேண்டியிருந்தது. நீரும் 427 மீட்டர் விழுந்து நின்றால் 1 பாகை சூடேறும். இந்த வெப்பத்தில் ஒரு ஜூல்கூடக் குறையவில்லை, ஆனால் அதைத் திரட்டி மீண்டும் காற்றையோ நீரையோ முழுவதுமாக மேலே ஏற்றுவது இயலாது. ஆற்றலின் அளவு குன்றாமல் இருக்கையிலேயே அதன் பயன்படுதன்மை பரவிக் கரைவதை அளக்கும் கணியத்துக்கு 1865இல் கிளாசியஸ் என்ட்ரோபி என்று பெயரிட்டார். இறந்தவரின் உடல்வெப்பமும் அவ்வாறே அறையின் காற்றில் கலந்து நிலைத்திருக்கிறது. அழியாமை என்று மேடையில் சொல்லப்படுவது இவ்வகை நிலைத்திருத்தல்தான் என்றால், கேட்பவர் எவரும் அதை ஏற்கப்போவதில்லை.

அழிவின்மை விதியின் மீது வைத்த நம்பிக்கை தங்கவயலிலேயே ஒருமுறை வியத்தகு முறையில் பலித்திருக்கிறது. பீட்டா சிதைவு என்ற கதிரியக்கத்தில் வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலைக் கூட்டிப் பார்த்தபோது கணக்கு குறைந்தது. இயற்பியலாளர் நீல்ஸ் போர் போன்ற பெரும் அறிஞரே அங்கே விதி பொய்க்கலாம் என்று கருதினார். 1930இல் பவுலி, விதியைக் கைவிடாமல், எவர் கண்ணிலும் படாத ஒரு துகள் மீதி ஆற்றலைக் கொண்டுசெல்கிறது என்று துணிந்தார். நியூட்ரினோ எனப் பெயர்பெற்ற அத்துகளை 1956இல் ரைனஸும் கோவனும் அணு உலையருகே கண்டறிந்தனர். விண்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி உண்டாக்கும் நியூட்ரினோக்களை முதன்முதலாக, 1965இல், ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு ஆழச் சுரங்கங்களில் பதிவு செய்தார்கள். ஒன்று தென்னாப்பிரிக்காவில், மற்றொன்று கோலார் தங்கவயலில். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் மேனன், ஸ்ரீகண்டன் ஆகியோரும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சாம்பியன் ரீஃபில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்துக் காத்திருந்தனர். 1980இன் இறுதியில் அதே வயலின் ஆழத்தில் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவி ஒன்று, புரோட்டானே சிதையுமா என்று பார்க்கத் தொடங்கியது. பருப்பொருளின் அடிக்கல்லாகக் கருதப்படும் துகளுக்கும் இறுதி உண்டா என்பதைவிடச் சமயத்தன்மை வாய்ந்த கேள்வி இயற்பியலில் இல்லை. ஐயத்துக்குரிய சில தடங்கள் அறிவிக்கப்பட்டன. வேறெந்த ஆய்வுக்கூடமும் அவற்றை உறுதிசெய்யவில்லை. சிதைந்திருந்தாலும் ஆற்றல் கணக்கு நேர்ந்திருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும்: பொருள் போயிருக்கும், அளவு நின்றிருக்கும்.

அந்த அளவு ஏன் நிற்கிறது என்பதற்கு 1918இல் எம்மி நோய்த்தர் நிறுவிய தேற்றம் விடை தந்தது: இயற்கையின் விதிகள் நேற்றும் இன்றும் நாளையும் ஒன்றே என்பதால் ஆற்றலின் கூட்டுத்தொகை மாறுவதில்லை. நிலைத்திருப்பது விதிகளின் ஒருமை. ஆற்றலின் அழிவின்மை அதன் விளைவு. விரிந்துகொண்டிருக்கும் பேரண்டம் முழுமைக்கும் ஒரே ஆற்றல் கணக்கை எழுதப் பொதுச் சார்பியலில் எளிய வழி இல்லை என்பதும் இதனாலேயே. இறைமையை நாடுகிற மனம் வியந்து நிற்பதற்கு உரிய இடம் இதுவே என்று தோன்றுகிறது. காலம் மாறினாலும் விதி மாறாதிருப்பது ஏன் என்ற கேள்விக்கு இயற்பியலிடம் விடை இல்லை. சமயம் அங்கே பேசலாம், இயற்பியலைச் சாட்சிக்கு இழுக்காமல் தன் குரலிலேயே பேசலாம்.

2001 பிப்ரவரி 28 அன்று, இச்சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நீரிறைக்கும் இயந்திரங்கள் நின்றபின் நந்திதுர்க் உள்ளிட்ட சுரங்கங்களின் ஆழங்களில் நீர் சேர்ந்து ஏறத் தொடங்கியது. நூற்றிருபது ஆண்டுகளில் மேலே தூக்கப்பட்ட பாறையின் பொடி, ஊரார் சயனைடு மேடு என்றழைக்கும் குன்றுகளாக, 3 கோடி டன்னுக்கும் மேலாகத் தரையின் மீது நிற்கிறது. நீர் நிறைந்த வெற்றிடங்களைச் சுற்றியுள்ள பாறை இன்னும் அமையவில்லை. சுரங்கத்தில் ஒருவரும் இல்லாத ஆண்டுகளிலும் தங்கவயலின் தரைக்கடியில் அதிர்வுகள் பதிவாகியிருக்கின்றன.